வரைபடத்தில் இல்லாத வாய்க்கால்

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தை மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தஞ்சாவூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என் அண்ணன் ஒரு பெரிய பிளானை விரித்து வைத்தார். நான்கு மூலையிலும் டம்ளர்களை வைத்து அழுத்தினார். அந்தத் தாள் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பாபநாசம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்தவன். என் மனைவி அரசு நகரமைப்பு அலுவலகத்தில் இருந்தாள். எந்த இடத்தில் வீடு வரலாம், எது வயலாகவே இருக்க வேண்டும், ரோடு எத்தனை அடி, பூங்காவுக்கு எங்கே இடம் என்றெல்லாம் பார்த்து அனுமதி கொடுக்கிற வேலை. சேரும்போது சாதாரணப் பதவிதான். பரீட்சை எழுதி எழுதி ஒவ்வொரு படியாக ஏறினாள்.

அவள் திருச்சியில் வேலை பார்த்த பதினோரு வருஷமும் காலை ரயிலுக்கு ஓடுவாள். பூதலூர் தாண்டும்போதுதான் தலை பின்னவே நேரம் கிடைக்கும் என்பாள். வீட்டில் அடுப்பு என் பொறுப்பு. இட்லிக்கு மாவு அரைப்பதிலிருந்து மகனுக்கு ஷூ லேஸ் கட்டுவது வரை நான்தான். அவள் மத்தியானம் வெளியிடம் பார்க்கப் போகிற நாளில் புளியோதரை கட்டித் தருவேன். வெயிலில் நின்றுகொண்டே சாப்பிட அதுதான் தோது. சாயந்திரம் வரும்போது புடவைக் கரையில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தே இன்றைக்கு எந்தப் பக்கம் போயிருப்பாள் என்று நானும் மகனும் பந்தயம் கட்டுவோம். செம்மண் என்றால் மேட்டுப் பக்கம், கருப்பு வண்டல் என்றால் ஆற்றோரம். நல்ல நாட்கள் அவை. இப்போது நினைத்தாலும் அந்தச் சாயந்திரங்களின் வாசனை வருகிறது.

பிறகு துணை இயக்குநராகத் தஞ்சாவூருக்கே வந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். சேர்ந்த முதல் வாரம், மனு கொண்டுவந்த பெரியவர் ஒருவர் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா வரட்டும்மா, வெளியில இருக்கேன்" என்று பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாராம். இவள் கையிலிருந்த ஃபைலை முடித்துவிட்டு எழுந்து போய், "ஐயா வரமாட்டாருங்க. நான்தான். உள்ள வாங்க" என்று கூட்டி வந்தாளாம். கூட்டங்களில் இருபது ஆண்களுக்கு நடுவில் இவள் ஒருத்திதான் பெண். இவள் ஒன்று சொன்னால் பேசாமல் இருப்பார்கள். அதையே பத்து நிமிஷம் கழித்து இன்னொருவர் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சில நாள் சிரிக்காமலும் சொல்வாள்.

எனக்கு அவளைப் பற்றிப் பெருமைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னைத் தேடி வந்து கும்பிட ஆரம்பித்தார்கள். அந்தக் கும்பிடும் எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கே நான் தடம் மாறினேன் என்று யோசித்தால் அங்கேதான் என்று தோன்றுகிறது.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா விட்டுப்போன நஞ்சையை நானும் அண்ணனும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் பங்கு மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. ஆளும் கிடைக்கவில்லை, உடம்பும் முடியவில்லை, சாகுபடியை விட்டுவிட்டு மனை போடலாம் என்று முடிவு செய்தார். அவர் மீது தப்பில்லை. அந்த ரோட்டில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். அனுமதிக்கு என்ன செய்வது என்று என்னிடம் போனில் கேட்டபோது, "நீங்க கவலையே படாதீங்கண்ணே. வீட்டுலயே ஆள் இருக்கு. நான் பேசிக்கிறேன்" என்று சொன்னேன். என் மனைவியைக் கேட்காமல் சொன்ன வார்த்தை அது.

அதை நம்பித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். கூடவே மனை வியாபாரம் செய்கிற ஒருவரும் வந்திருந்தார். என் மனைவி காபி கொடுத்துவிட்டு, பிளானைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரலால் ஒரு ஓரத்தைத் தடவிக்கொண்டே, "அத்தான், மேலத் தெருவுலேருந்து வர்ற வடிவாய்க்கால் நம்ம வயலோட ஓரமா வந்து ரோட்டுப் பாலத்துல விழுமே. அது இதுல எங்க?" என்று கேட்டாள்.

அண்ணனுக்கு முன்னால் அந்த வியாபாரி பதில் சொன்னார். "மேடம், அது எந்த ரெக்கார்டுலயும் கிடையாது. சர்வே ஸ்கெட்ச்லயும் இல்ல. பட்டா நிலத்துக்குள்ள அந்தக் காலத்துல யாரோ வெட்டினது. மூடிக்கலாம், கேள்வி வராது."

அவர் சொன்னது உண்மைதான். காகிதத்தில் அப்படி ஒரு வாய்க்காலே கிடையாது. என் மனைவி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "நான் பாக்குறேன் அத்தான்" என்று மட்டும் சொன்னாள். அண்ணன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் தன் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினாள். மனுதாரர் என் கணவரின் அண்ணன், இந்த ஃபைலை நான் பார்ப்பது முறையில்லை, வேறு மாவட்ட அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று. அதோடு விட்டிருந்தால்கூட யாருக்கும் கோபம் வந்திருக்காது. இன்னொரு பத்தியும் எழுதியிருந்தாள். அந்த நிலத்தில் பதிவேட்டில் இல்லாத வடிகால் ஒன்று ஓடுகிறது, நான் நேரில் பார்த்திருக்கிறேன், இடத்தைப் பார்த்த பிறகு முடிவெடுக்க வேண்டும் என்று.

ஒரு வாரத்தில் அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஊரான் யாருக்கும் தெரியாததை என் தம்பி பொண்டாட்டி எழுதிக் கொடுத்திருக்கா. சரிப்பா" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கு நான் என் மனைவியிடம் பேசிய பேச்சை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. உனக்குப் பதவி பெரிசா, குடும்பம் பெரிசா என்றேன். உன்னை ரயிலேற்றிவிட்டு அடுப்பில் நின்றவன் நான் என்று சொல்லிக் காட்டினேன். அதைத்தான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணியையும் மடித்து வைத்தாள். பிறகு, "ஃபைலை வேண்டாம்னு சொல்ல என்னால முடிஞ்சுது. வாய்க்காலைப் பார்க்கலன்னு சொல்ல முடியலைங்க" என்றாள்.

பத்து நாள் வீட்டில் பேச்சில்லை. நான் சமைத்து வைப்பேன், அவள் எடுத்துக்கொண்டு போவாள்.

மாசி பிறந்து ஒரு சனிக்கிழமை காலையில் அவளே வந்து, "என்கூட ஒரு இடத்துக்கு வரீங்களா? ஆபீஸ் வேலை இல்ல" என்றாள். கும்பகோணம் பஸ்ஸில் ஏறினோம். எங்கள் ஊர் ரோட்டுப் பாலத்தில் இறங்கினோம். அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள்ளேயே இறங்கினாள். நானும் இறங்கினேன்.

வாய்க்கால் காய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த நெல் தாளுக்கிடையில் உளுந்து பச்சைப்பசேல் என்று நின்றது. அவள் முன்னால் போனாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரே அளவில் எட்டு வைத்து, எண்ணிக்கொண்டே நடந்தாள். குறுகலான இடத்தில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். கரை சரிந்த இடத்தில் உட்கார்ந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் வேலை பார்ப்பதை நான் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன். அவ்வளவு கோபத்திலும் எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் வயல்களைத் தாண்டி, வாய்க்கால் தொடங்குகிற மேலத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு காலத்தில் எங்கள் நிலங்களில் நடவும் அறுப்பும் பார்த்த குடும்பங்கள் குடியிருக்கிற தெரு. பள்ளத்தில் இருந்தது. அங்கிருந்து எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தெருவுக்குள் நான் அதுவரை போனதே கிடையாது. பிறந்து வளர்ந்த ஊர் அது.

முதல் வீட்டு வாசலில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் என் மனைவி பேச்சுக் கொடுத்தாள். வெள்ளம் வருமா, எத்தனை அடி வரும் என்றெல்லாம் கேட்கவில்லை. "மழை புடிச்சுக்கிட்டா அடுப்பை எங்க வச்சு சமைப்பீங்கக்கா?" என்று கேட்டாள்.

அந்த அம்மா சிரித்தார். "கட்டில் மேலதான். அடுப்பு கட்டில்ல, புள்ளைங்க பெஞ்சுல, நாங்க நின்னுக்கிட்டு" என்றார். பிறகு எழுந்து உள்சுவரைக் காட்டினார். முழங்காலுக்கு மேல் ஒரு கோடு, அதற்கு மேல் மங்கலாக இன்னொரு கோடு. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் போகாதாம்.

அப்போது எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண், "சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். முப்பது வயதிருக்கும். "சார், நல்லா இருக்கீங்களா? நான் உங்ககிட்டதான் ஒன்பதாவது படிச்சேன்." தஞ்சாவூரில் நர்ஸாக இருக்கிறாளாம், வார லீவுக்கு அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள். எனக்கு முகம் நினைவுக்கு வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். டீ கொடுத்தாள். பழைய கதை பேசத் தொடங்கினாள்.

"ஐப்பசி கார்த்திகை வந்தாலே எனக்கு உங்க கிளாஸ்னா பயம் சார். நாலு நாள் வரமாட்டேன். அஞ்சாம் நாள் வந்தா வெளியில நிக்க வைப்பீங்க. நோட்டு நனைஞ்சிருக்கும், அதுக்குத் தனியா நிக்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குத்திக்காட்டுகிற சிரிப்பு இல்லை. வாத்தியாரைப் பார்த்த சந்தோஷத்தில் சொன்னது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இரட்டைச் சடை, கடைசி பெஞ்ச். மாவட்ட அளவில் நடந்த வரைபடப் போட்டிக்கு அனுப்ப அவளைவிட நன்றாக மேப் போடுகிற பிள்ளை வகுப்பில் இல்லை. "மழைன்னா லீவு போடுற பொண்ணு, பொறுப்பு கிடையாது" என்று ஆசிரியர்கள் அறையில் சொல்லி, வேறொரு பிள்ளையை அனுப்பியவன் நான்.

"ஏன் வரலைன்னு அப்ப சொல்லலையேம்மா" என்றேன்.

"நீங்க கேக்கலையே சார்" என்றாள் சாதாரணமாக. பிறகு, "மழை பேஞ்சா தண்ணி வாய்க்கால் வழியா போயிரும் சார். ஆனா கீழ வயல்ல சம்பா நட்டிருப்பாங்க. பயிரு அழுகிடும்னு வாய்க்கால் தலைப்புல மண்ணைப் போட்டு அடைச்சிடுவாங்க. அப்புறம் போக வழியில்லாம இங்கயே நிக்கும்" என்றாள்.

கீழ வயல் எங்களுடையது.

அடைத்தது யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் பெயர் சொல்லாமல் பேசினாள். அப்பா இருந்தவரை அப்பா அடைத்தார். பிறகு அண்ணன். பல ஐப்பசிகளில் விடியற்காலை மழையில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, அண்ணனோடு நின்று நானும் மண்வெட்டியால் மண்ணை வெட்டிப் போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு, ஊர் வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, பள்ளிக்கூடத்துக்குப் போய், காவிரி டெல்டாவைச் சுவர்ப் படத்தில் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறேன். அந்த வகுப்புக்கு வெளியே இந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்திருக்கிறது.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "என்னை மன்னிச்சுக்கம்மா" என்றேன். அவள் பதறிப்போய், "ஐயோ சார், அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா பழசைச் சொன்னேன்" என்றாள். என் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது வாய்க்கால் கரையில் ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். "உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"கல்யாணமான வருஷமே. மழையில நனைஞ்சு கையெல்லாம் சேறா வந்தீங்க. என்னன்னு அத்தையைக் கேட்டேன், வாய்க்காலை அடைச்சுட்டு வர்றான்னாங்க. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் புரியல. இந்த வேலைக்கு வந்து நாலு இடம் பார்த்த பிறகுதான் புரிஞ்சுது. புரிஞ்சும் சொல்லலை. மருமக எப்படிப் பேசுறதுன்னு விட்டுட்டேன். அது என் தப்புதான்." பிறகு, "மழைக்கு அடைச்சா மழை விட்டதும் வெட்டி விட்டுடலாம். மேல வீடு கட்டிட்டா யாரு வெட்டி விடுவா?" என்றாள்.

ரோட்டுப் பாலத்தில் அவளை பஸ் ஏற்றிவிட்டு நான் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். களத்தில் வைக்கோல் போர் ஓரமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்காளா?" என்றார்.

"இல்லண்ணே. நம்ம ரெண்டு பேரும் அடைச்சோம்ல, அந்தத் தண்ணி எங்க போச்சுன்னு இன்னிக்குத்தான் பார்த்துட்டு வர்றேன்" என்று ஆரம்பித்து, சுவரில் இருந்த கோட்டையும் கட்டில் மேல் வைத்த அடுப்பையும் அந்தப் பெண்ணையும் பற்றி எல்லாம் சொன்னேன். கடைசியில், "என் நிலம் உங்க நிலத்தை ஒட்டித்தானே இருக்கு. வாய்க்காலுக்கு என் பக்கம் பாதி விடுறேன். நீங்க பாதி விடுங்க. முழுசும் உங்க தலையில விழ வேண்டாம்" என்றேன். "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவர் என்னிடம் சொல்லாத ஒரே நாள் அதுதான்.

சித்திரை வெயிலில் வேறு மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி இடம் பார்க்க வந்தார். அண்ணன் என்ன முடிவு செய்திருக்கிறார் என்று எனக்கு அதுவரை தெரியாது. வியாபாரி பக்கத்திலேயே நின்றார். அதிகாரி பிளானைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல காட்டாத வாய்க்கால் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார்.

வியாபாரி வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "இருக்குங்க. வாங்க, காட்டுறேன்" என்று முன்னால் நடந்தார்.

பிளான் மாற்றி வரையப்பட்டது. அண்ணனுக்கு நான்கு மனை குறைந்தது. என் பங்கிலிருந்தும் ஒரு பட்டை நிலம் போயிற்று. வாய்க்கால் இருந்த இடத்தை நாங்கள் இருவரும் ஊராட்சிக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். அனுமதியில் கையெழுத்துப் போட்டவர் அந்த வேறு மாவட்ட அதிகாரி. என் மனைவியின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. ஆனால் அதுவரை எந்தத் தாளிலும் இல்லாத அந்த வாய்க்கால் அதற்குப் பிறகு மேப்பில் இருக்கிறது.

அந்த வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நான் பள்ளிக்கூடம் விட்டதும் குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுப் பாலத்துக்குப் போனேன். அங்கே அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாலத்து வாயை அடைத்திருந்த ஆகாயத்தாமரையை ஒரு கழியால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் இறங்கினேன். ஒரு மணி நேரம் இழுத்தோம். தண்ணீர் சுழித்துக்கொண்டு பாலத்துக்குள் இறங்கியது. மேலத் தெருவில் வாசற்படி வரை வந்த தண்ணீர் சாயந்திரத்துக்குள் வடிந்துவிட்டது என்று அந்தப் பக்கமிருந்து வந்த ஒருவர் சொன்னார். கரையேறிக் கால் கழுவும்போது அண்ணன், "அவ வரலையா?" என்று கேட்டார்.

"ஆபீஸ்ல இருக்காண்ணே."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

அவர் இன்றைக்கும் என் மனைவியிடம் பழைய கலகலப்போடு பேசுவதில்லை. பொங்கலுக்குக் கரும்பு வருகிறது, கல்யாணங்களில் எங்களுக்கு முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறார். ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிறது. அவளுக்கும் அது தெரியும். கேட்டால், "அத்தான் வாய்க்காலைக் காட்டிட்டாரு, எனக்கு அது போதும்" என்பாள். வேலையில் இருந்து அவள் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. அந்த நாற்காலியில் இப்போது இன்னொரு பெண் இருக்கிறார். போன மாதம் ஏதோ சந்தேகம் கேட்க வீட்டுக்கு வந்தார். இருவரும் பேசிக்கொண்டிருந்ததைக் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் பழைய வருஷங்களெல்லாம் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

உங்க வீட்டம்மா என்ன வேலை பார்த்தாங்க என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் பதவியின் பெயரைச் சொல்வேன், அதைக் கேட்டு அவர்கள் முகம் மாறுவதை ரசிப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வரவில்லை. தண்ணி எங்கேயிருந்து வருது, எங்கே போகுது, நடுவில் யார் குடியிருக்கா என்று பார்க்கிற வேலை என்று சொல்கிறேன். முப்பது வருஷம் புவியியல் நடத்திய நான் அந்தப் பாடத்தை ஒரு சனிக்கிழமை காலையில் அவள் பின்னால் நடந்துதான் படித்தேன்.